மகளின் முதுகில் இரண்டு கம்பிகள்

எங்கள் மகள் முதலாம் ஆண்டில் சேரவிருந்தபோது அவளுடைய பள்ளிச் சீருடையை மூன்று முறை பிரித்துத் தைக்கச் சொன்னேன். தானா ராத்தா பட்டணத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தைத்துக் கொடுக்கும் அம்மாதான் அதையும் தைத்தார். போட்டுப் பார்த்தால் நீல கவுனின் ஓரம் ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மறுபக்கம் ஏறிக்கொண்டது. மூன்றாவது முறையும் அப்படியே இருக்கவே, கடையில் ஆட்கள் நிற்பதையும் பாராமல் சத்தம் போட்டேன். பள்ளி திறக்க நான்கு நாள்தான் இருந்தது. என் வகுப்பறையைத் தயார் செய்ய வேண்டும், புத்தகங்களுக்கு அட்டை போட வேண்டும், மழை பிடிப்பதற்குள் தோட்டத்துக்கு ஏற வேண்டும்.

தையற்கார அம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மகளின் இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்தார்.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. துணி நேராத்தான் இருக்கு. பிள்ளைக்கு இடுப்புதான் ஒரு பக்கம் ஏறியிருக்கு.”

“அவ ஒழுங்கா நிக்க மாட்டா. அதான்.”

“இல்ல டீச்சர். நானே புடிச்சு நேரா நிக்க வெச்சுப் பாத்தேன்.”

கவுனைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்று முழுவதும் அந்த அம்மாமேல் எனக்குக் கோபம். தன் கைப்பிழையை என் பிள்ளையின் உடம்பில் போடுகிறார் என்று நினைத்தேன்.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. முதுகை நிமிர்த்தி உட்கார் என்று ஒரு நாளில் எத்தனை தடவை சொல்வேன் என்று எனக்கே தெரியாது. வீட்டிலும் அதுவே வழக்கம். பாலர் வகுப்பில் இருந்த வருடம் முழுவதும், மேசையில் மகள் எழுத உட்கார்ந்தால் அவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தேன். தட்டியதும் நிமிர்வாள். கொஞ்ச நேரத்தில் அதே பக்கம் சாய்ந்துவிடுவாள். பிடிவாதம் என்று நினைத்தேன். ஒரு முறை அடிக்கோலால் முதுகில் ஒன்று வைத்திருக்கிறேன். வலிக்கும்படி அல்ல. ஆனாலும் வைத்தேன்.

என் கணவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கொழுந்தை உருட்டும் இயந்திரங்கள், மின்விசிறிகள், பெல்ட்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. அன்று மாலை அவர் வேலை முடிந்து வந்ததும் தையற்காரம்மாவைப் பற்றிய புகாரை ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

“பாப்பா, இங்க வா. சட்டையக் கழட்டிட்டுக் குனிஞ்சு தரையத் தொடு பாப்போம்.”

விளையாட்டு என்று நினைத்து அவள் குனிந்தாள். வலது தோள்பட்டைக்குக் கீழே முதுகு மேடாக எழும்பி நின்றது. இடது பக்கம் பள்ளம். இத்தனை நாள் குளிப்பாட்டிய பிள்ளை. ஆனால் அவள் குனிந்து நிற்க நான் பார்த்ததே இல்லை.

அவர் எழுந்து போய் கருவிப் பெட்டியிலிருந்து நீர்மட்டத்தை எடுத்து வந்தார். இயந்திரம் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கும் இரும்புப் பட்டை அது. அதை அவள் முதுகின் குறுக்கே வைத்தார்.

“அப்பா, ஜில்லுனு இருக்கு!” என்று அவள் சிரித்தாள்.

கண்ணாடிக்குள் இருந்த குமிழ் வலது கோடிக்கு ஓடிப்போய் நின்றது. கருவியில் கோளாறோ என்று அவர் அதைத் திருப்பி வைத்தார். மறுபடியும் அதே பக்கம்தான் ஓடியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. “சட்டையப் போட்டுக்கம்மா, குளிருது” என்று மட்டும் சொன்னார்.

தானா ராத்தாவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். ஈப்போவில் பார்த்துவிட்டு, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முதுகெலும்பு பார்ப்பவர் கோலாலம்பூரில்தான் இருக்கிறார் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நடுவே சில வாரங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வாரங்களில் என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. சமைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டுப் போய் மகள் தூங்குவதைப் பார்ப்பேன். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே பிள்ளைகளின் முதுகுகளை வரிசையாகப் பார்ப்பேன். எல்லாரையும் குனியச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. ஒரு நாள் சொல்லியும்விட்டேன். உடற்பயிற்சி என்று பெயர் வைத்து இருபத்திரண்டு பிள்ளைகளைக் குனிய வைத்தேன். இருபத்திரண்டும் சமமாக இருந்தன. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கோலாலம்பூர் டாக்டர் ஒரு பெண். என்னைவிட இளையவர். மலாயில் மெதுவாகப் பேசினார். எக்ஸ்ரேவை விளக்குப் பலகையில் மாட்டியதும் மகள் அதை உற்றுப் பார்த்தாள். நாங்கள் அன்று காலைதான் ரிங்லெட் வழியாக மலைச் சாலையில் தாப்பாவுக்கு இறங்கியிருந்தோம். வளைவுக்கு வளைவு அவள் பைக்குள் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“அம்மா, தாப்பா ரோடு மாதிரியே இருக்குலா” என்றாள்.

என் கணவர் அதை மலாயில் சொன்னார். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அறுத்து நேராக்கிவிடுங்கள்” என்று சொன்னேன். நாளைக்கே என்றாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

டாக்டர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முதுகெலும்பை இப்போதே நேராக்கி எலும்புகளை ஒட்டவைத்துவிட்டால், அந்தப் பகுதி அதற்குமேல் வளராது என்று விளக்கினார். முதுகு வளரவில்லை என்றால் நெஞ்சுக்கூடு வளராது. நெஞ்சுக்கூடு வளரவில்லை என்றால் நுரையீரலுக்கு இடம் இருக்காது. பத்து வயது வரை நுரையீரல் தனக்கு இடம் தேடிக்கொண்டே இருக்கும். நேரான முதுகோடு மூச்சு வாங்கும் பெண்ணாக அவள் வளரக் கூடாது. அதனால் முதலில் ஒரு கவசம் போட்டுப் பார்க்கலாம். வளைவு நிற்கவில்லை என்றால், வளரும்போது நீட்டக்கூடிய கம்பிகளை உள்ளே வைக்கலாம். ஒட்டவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

“அப்ப எத்தன வருஷம்?” என்று கேட்டேன்.

“அவள் வளர்ந்து முடிக்கும் வரை” என்றார் டாக்டர்.

ஆறு வயதுப் பிள்ளை. நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

கவசம் கெட்டியான பிளாஸ்டிக். அக்குளிலிருந்து இடுப்பு வரை. குளிக்கும் நேரம் தவிரக் கழற்றக் கூடாது. மலைக் குளிர் எங்களுக்கு அந்த ஒரு விஷயத்தில் உதவியது. கீழே இருந்திருந்தால் வியர்வையில் தோல் புண்ணாகியிருக்கும் என்று மருத்துவமனைத் தாதி மிஸ்ஸி ஒருவர் சொன்னார். என் பள்ளியில்தான் அவளும் படித்தாள்; பிள்ளைகள் அவள் வயிற்றில் கதவைத் தட்டுவதுபோலத் தட்டி, “வீட்ல யாரு?” என்று கேட்பார்கள். “வீட்ல யாரும் இல்ல, போய்ட்டு நாளைக்கு வாங்க” என்பாள் இவள். நான் ஓடிப்போய் அந்தப் பிள்ளைகளைத் திட்டுவேன். அவளுக்கு அதுதான் கோபம். “நாங்க வெளையாடுறோம்மா, நீங்க ஏன் வர்றீங்க?”

ஒன்றரை வருடம் போட்டாள். வளைவு நிற்கவில்லை. ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் கொஞ்சம் கூடியிருந்தது. எட்டு வயதில் கம்பி வைப்பது என்று முடிவானது.

அந்த முடிவைச் சொன்ன நாளில் டாக்டர் ஒரு மாதிரிக் கம்பியை எங்களிடம் காட்டினார். பென்சிலைவிட மெல்லியது; முதுகெலும்புக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று. மேலே கழுத்துக்குக் கீழ் இரண்டு பிடிகள், கீழே இடுப்புக்கு மேல் இரண்டு பிடிகள், நடுவில் இரண்டு துண்டுக் கம்பிகளைச் சேர்க்கும் ஒரு சிறிய பெட்டி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த இடத்தை மட்டும் திறந்து, திருகைத் தளர்த்தி, நீட்டி, மறுபடியும் முடுக்குவார்கள். என் கணவர் அதை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தார். என்ன உலோகம், திருகு தானாகத் தளராதா, நடுவில் பாரம் எங்கே இறங்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டரும் சளைக்காமல் பதில் சொன்னார். இரண்டு பேரும் ஒரே பட்டறையில் வேலை செய்பவர்கள்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் காதில் விழுந்தது ‘ஆறு மாதத்துக்கு ஒரு முறை’ என்பது மட்டும்தான். பதின்மூன்று வயது வரையாவது வளர்வாள் என்றால் எத்தனை முறை மயக்க மருந்து, எத்தனை முறை கத்தி என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தேன்.

முதல் அறுவை சிகிச்சை அன்று அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது, “அம்மா, நீங்க வாசல்ல நிக்காதீங்க, கால் வலிக்கும். போய்ப் பசியாறுங்க” என்றாள். நான் நிற்கவில்லைதான். நான்கு மாடிப் படிகளை ஏறி ஏறி இறங்கினேன். பிறகு மாணவர்களின் கணிதப் புத்தகங்களைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு கட்டு முழுவதும் திருத்தினேன். அடுத்த வாரம் வகுப்பில் கொடுத்தபோதுதான் தெரிந்தது, தப்பான விடைகளுக்கெல்லாம் சரி போட்டிருக்கிறேன். அந்த ஆண்டில் என் பிள்ளைகள் அவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்குப் போனதில்லை.

என் கணவர் ஒரே நாற்காலியில் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் அமைதி எனக்கு எரிச்சலாக இருந்தது.

“ஒங்களுக்குப் பயமே இல்லையா?”

“பயந்தா மட்டும் நான் உள்ள போய்த் திருகு முடுக்கவா போறேன்? உக்காரு” என்றார்.

ஆறு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். இரண்டு நாள் கழித்து அவளை எழுப்பி நிற்க வைத்தபோது, அவள் தலை என் தாலிக்கொடிக்கு மேலே வந்திருந்தது. போன வாரம் அவள் அந்த உயரம் இல்லை. படுக்கையில் படுத்து எழுந்த பிள்ளை, ஒரு கட்டை விரல் அளவு வளர்ந்து எழுந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கை ஆறு மாதக் கூறுகளாக ஆனது. பள்ளி விடுமுறை வந்தால் மற்ற வீடுகளில் ஊருக்குப் போவார்கள். நாங்கள் மருத்துவமனைக்குப் போவோம். வார இறுதியில் சுற்றுலாக் காடிகள் பிரிஞ்சாங்கிலிருந்து தோட்டத்து வாசல் வரை சாலையில் நெரிந்து கிடக்கும் என்பதால் எப்போதும் திங்கள் விடியற்காலையில்தான் இறங்குவோம். மகளுக்கு எல்லாம் பழகிவிட்டது. மயக்கம் தெளிந்ததும் முதல் கேள்வி, “டாக்டர், இந்த வாட்டி எவ்ளோ?” டாக்டர் சுட்டு விரலையும் கட்டை விரலையும் நெருக்கி ஒரு சிறிய இடைவெளி காட்டுவார். மகள் அதைத் தன் விரலில் வாங்கிக்கொண்டு, அன்று முழுவதும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள்.

எனக்குத்தான் பழகவில்லை. ஊசி போட்ட இடம், தையல் போட்ட இடம், காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றி என எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவள் மாடிப்படி ஏறினால் பின்னால் நின்றேன். புத்தகப் பையை நானே தூக்கினேன். சைக்கிளை விற்கச் சொன்னேன். ஓடாதே, குதிக்காதே, அந்தப் பிள்ளைகளோடு சேராதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இடைவேளையில் மற்ற பிள்ளைகள் திடலில் இருக்கும்போது அவள் நூலகத்தில் இருந்தாள். ஆசிரியர் ஓய்வறை சன்னலிலிருந்து அவள் உட்கார்ந்திருப்பது தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன்.

பத்து வயதில் பள்ளி விளையாட்டுப் போட்டி நடந்தது. தேயிலைச் சரிவுக்கு நடுவே வெட்டிய சின்னத் திடல். ஒரு பக்கம் பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் கூடாரத்தில் புள்ளிகள் எழுதிக்கொண்டிருந்தேன். பெண்களுக்கான அஞ்சல் ஓட்டம். மகள் இருந்த மஞ்சள் இல்ல அணியில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. தலையைத் தூக்கியபோது, மூன்றாவது ஓட்டக்காரியின் இடத்தில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். கையை நீட்டிக் கோலை வாங்கினாள். ஓடினாள்.

அவள் ஓடி நான் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதுகை வளைக்க முடியாததால் நிமிர்ந்தபடியே, தலையில் எதையோ வைத்துக்கொண்டு ஓடுகிறவளைப்போல ஓடினாள். பின்னல் மட்டும் பறந்தது. ஒரு பெண்ணைத் தாண்டினாள். திடல் முழுவதும் கத்தியது. நானும் கத்தினேன். ஆனால் நான் கத்தியது வேறு. கூடாரத்துக் கயிற்றைத் தாண்டிப் பாதையின் நடுவில் போய் நின்று, வந்துகொண்டிருந்தவளைத் தோளில் பிடித்து நிறுத்தினேன். கோல் கீழே விழுந்தது. மஞ்சள் இல்லம் அந்த ஓட்டத்தில் சேர்த்தி இல்லை என்று அறிவித்தார்கள். அவள் அழவில்லை. என் கையை எடுத்துவிட்டு, கீழே குந்தி உட்கார்ந்து, கோலை எடுத்து, நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மூன்று வாரத்தில் முதுகு வலிக்கிறது என்றாள். திரும்பிப் படுத்தால் உள்ளே ‘டக்’ என்று ஏதோ சொல்கிறது என்றாள். எக்ஸ்ரேயில் இடது கம்பி ஓரிடத்தில் இரண்டாகத் தெரிந்தது. மறு நாளே கோலாலம்பூருக்கு வரச் சொன்னார்கள்.

தாப்பாவுக்கு இறங்கும் வரை நான் அடக்கிக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் என் வாய் நிற்கவில்லை.

“ஓடாதேன்னு சொன்னேனா இல்லையா? எத்தன வாட்டி சொன்னேன்? ஒடச்சிட்டு வந்து நிக்கிறே. இப்ப மறுபடியும் அறுக்கணும். யாருக்கு வலிக்கும்? ஒனக்குத்தானே?”

“போதும்லா” என்றார் கணவர்.

“நீங்க பேசாதீங்க. நீங்க குடுத்த செல்லந்தான்.”

பின் இருக்கையில் மகள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தஞ்சோங் மாலிம் தாண்டி, ரவாங் தாண்டி, நகரம் வந்தும் அப்படியே. வழக்கமாக இறங்கும் கடையில் காடியை நிறுத்தினோம். அவள் இறங்கவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்தார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். நான் அவர் வாயைத் திறக்கும் முன்பே, விளையாட்டுப் போட்டியில் ஓடிவிட்டாள் என்று சொன்னேன். ஒப்புக்கொடுப்பதுபோல மகளின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன்.

டாக்டர் புரியாமல் பார்த்தார். “ஓடினால் என்ன?” என்றார்.

டாக்டர் தொடர்ந்தார்: நான் ஓட வேண்டாம் என்று சொன்னதே இல்லையே, மோதி விளையாடுவதும் குட்டிக்கரணம் போடுவதும்தானே வேண்டாம் என்றேன். ஓடட்டும், நீந்தட்டும், நுரையீரலுக்கு நல்லது. கம்பி உடைந்தது ஓட்டத்தால் இல்லை. எலும்பு வளர்கிறது, பிள்ளை அசைகிறாள், ஒரே இடத்தில் ஒவ்வொரு நாளும் ஆயிரம் தடவை பாரம் விழுகிறது. ஒரு நாள் உலோகம் விடும். வளரும் பிள்ளைகளின் கம்பி உடைவது நாங்கள் எதிர்பார்ப்பதுதான். மாற்றிவிடலாம். இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேனே.

“எங்ககிட்ட யாரும் சொல்லலயே” என்றேன்.

என் கணவர் தொண்டையைச் செருமினார். “சொன்னாங்க. மொத நாளே, அந்தக் கம்பியக் காட்டுறப்பவே சொன்னாங்க. நான்தானே கேட்டேன், எத்தன வருஷம் தாங்கும்னு. நீயும் பக்கத்துலதான் உக்காந்திருந்தே.”

“எனக்கு வெளங்கலன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சிச்சு. ஒனக்குத் தெரிஞ்சா இன்னும் தூங்க மாட்டியேன்னு விட்டுட்டேன். ஓடலாம்னும் அன்னிக்கே சொன்னாங்க. நீ கேக்குற நெலமையில இல்ல. வீட்ல சண்ட வேண்டாம்னு நானும் வாயத் தொறக்கல.” அவர் மகளைப் பார்த்தார். “அது என் தப்புதான்.”

இரண்டு வருடமாக அவளை நூலகத்தில் உட்கார வைத்தது டாக்டர் இல்லை. கம்பி இல்லை. நான். என் பயத்துக்கு டாக்டரின் பெயரை வைத்து, அதை அவளுக்குச் சட்டமாக்கியிருந்தேன். எழுந்து வெளியே போய்விட வேண்டும்போல இருந்தது. எப்போதும் அதைத்தான் செய்வேன், எழுந்து எங்கேயாவது நடப்பேன். அன்று மகளின் கை என் கையில் இருந்தது. நான்தான் பிடித்து இழுத்து வந்திருந்தேன். விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

அன்று மாலை வார்டில் அவளுக்குச் சாப்பாடு வந்தது. மறு நாள் அறுவை சிகிச்சை. கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. இருபது வருடமாக அவர்கள்தான் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

“பாப்பா, அம்மா தப்பு பண்ணிட்டேன். ஒன்னால ஒடையல. நான் தெரியாம பேசிட்டேன். அன்னிக்குத் தெடல்லயும் நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. எல்லார் முன்னாலயும்.”

கரண்டியைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“நான் மூணாவதா வந்துக்கிட்டிருந்தேம்மா” என்றாள். “இன்னும் ஒருத்தியத் தாண்டியிருப்பேன்.”

“பாத்தேன்.”

“பாத்தீங்களா? நெசமா?”

“ஒருத்தியத் தாண்டுனத பாத்தேன். ரொம்ப வேகமா ஓடுனே.”

“அப்ப ஏன் நிறுத்துனீங்க?”

அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், கேள்வி கேட்டால் விடமாட்டாள். “பயமா இருந்துச்சு” என்று சொன்னேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, “இது நல்லாவே இல்ல, நீங்க சாப்பிடுங்க. அப்பாவக் கடையில மீ கோரெங் பொட்டலமா தாப்பாவ் பண்ணிட்டு வரச் சொல்லுங்க” என்றாள்.

கம்பியை மாற்றினார்கள். இந்த முறை கொஞ்சம் தடிப்பான கம்பி. உடைந்த துண்டைக் கேட்டு வாங்கலாமா என்று என் கணவர் ஆசைப்பட்டார், வெட்கப்பட்டுக் கேட்கவில்லை. என்னோடு அவர் ஒரு வாரம் பேசத் தயங்கினார். நானும் அவரோடு சண்டை போடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு விதி வைத்தோம். டாக்டர் பேசும்போது நான் குறிப்பெடுக்க வேண்டும், வெளியே வந்ததும் கணவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவர் கேட்டதையும் நான் கேட்டதையும் ஒப்பிட வேண்டும். முதல் இரண்டு தடவை எங்கள் குறிப்புகள் வெவ்வேறு டாக்டர்களைப் பார்த்தவர்களுடையதுபோல இருந்தன. மகள் நடுவில் உட்கார்ந்து தீர்ப்பு சொன்னாள். பெரும்பாலும் அப்பாதான் சரி.

நூலகத்தை விட்டு அவள் திடலுக்குப் போனாள். ஓய்வறை சன்னலில் நிற்பதை நான் விடவில்லை. அவள் விழுந்தாள், முழங்காலில் சிராய்த்துக்கொண்டாள், எழுந்தாள். அடுத்த ஆண்டு அஞ்சல் ஓட்டத்தில் அவளைச் சேர்க்கவில்லை, அவளைவிட வேகமான பிள்ளைகள் இருந்தார்கள். அதற்காக மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கும் வரும் கோபம்தானே.

ஒரு முறை தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தாள். ஒரு முறை மேல் பிடி தளர்ந்தது. ஒன்றும் சுலபமாக நடந்துவிடவில்லை. பதின்மூன்று வயதில், இனி வளர்ச்சி போதும் என்று டாக்டர் முடிவு செய்தார். நெஞ்சுக்கூட்டின் எக்ஸ்ரேவைக் காட்டி, இரண்டு நுரையீரலுக்கும் இடம் கிடைத்துவிட்டது என்றார். கடைசி அறுவை சிகிச்சை. நீட்டும் கம்பிகளை எடுத்துவிட்டு, நிரந்தரக் கம்பிகளை வைத்து, எலும்புகளை ஒட்டவைத்தார்கள். அந்த முறை மட்டும் மயக்கத்துக்கு முன் அவள் அழுதாள்.

“இனிமே வளர மாட்டேன்ல?” என்றாள்.

“முதுகு வளராது. காலு இன்னும் கொஞ்சம் வளரும்” என்றார் என் கணவர். “நான் டாக்டர்ட்ட கேட்டுட்டேன். அம்மா குறிப்புலயும் இருக்கு.”

அவளுக்கு இப்போது பதினைந்து வயது. தானா ராத்தாவில் இடைநிலைப் பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் போகிறாள். என்னைவிட இரண்டு விரல் உயரம். முதுகு முற்றிலும் நேராகவில்லை. சட்டை போட்டால் அவ்வளவாகத் தெரியாது, வலது தோள் மட்டும் கொஞ்சம் முன்னால் நிற்கும். கீழே கிடப்பதை எடுக்க முழங்காலை மடக்கி, அரசி மாதிரி இறங்குவாள். வகுப்புத் தோழிகள் அதையே கேலிக்காகச் செய்துகாட்டுகிறார்கள், இவளும் சேர்ந்து சிரிக்கிறாள்.

போன மாதம், பள்ளிச் சாரணியரோடு தானா ராத்தாவுக்குப் பின்னால் இருக்கும் காட்டுப் பாதையில் நடக்கப் போக வேண்டும் என்றாள். வழுக்கும் வேர்கள், ஏற்றம், மழை. டாக்டரைக் கேட்கலாமே என்று தொடங்கினேன். “கேட்டாச்சு. போன மாசமே. அப்பா எழுதிக்கிட்டாங்க” என்றாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சனிக்கிழமை காலை அவளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுவிட்டு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. பிரிஞ்சாங் சந்தையில் சுற்றினேன். முட்டைக்கோஸ் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. பிறகு காடியை எடுத்துக்கொண்டு கம்போங் ராஜா வரை போனேன், அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. மழை தூறியது, நின்றது, மறுபடியும் தூறியது. கைப்பேசியைப் பார்த்தேன். காட்டுக்குள் தொடர்பு கிடைக்காது என்று எனக்கே தெரியும்.

மூன்று மணிக்குப் பள்ளி வாசலுக்குத் திரும்பி வந்தேன். நான்கு மணிக்குத்தான் வந்தார்கள். முழங்கால் வரை சேறு. கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம். காடிக்குள் ஏறுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். பாலத்தில் பலகை இல்லாத இடம், யாரோ பாம்பு என்று கத்திய இடம், டீச்சரே வழுக்கி விழுந்த இடம். நான் சாவியைப் போட்டுவிட்டு, ஓட்டாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. சொல்லு.”

“பசிக்குது. போய்க்கிட்டே சொல்றேனே. வண்டிய எடுங்கலா.”

வண்டியை எடுத்தேன்.